மூன்றாம் விதியில் விடுபட்டுப் போகும் இரண்டு பொருட்கள்

நியூட்டனின் மூன்றாம் விதி என்னன்னு யாரைக் கேட்டாலும் சட்டென்று பதில் வரும்: "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு." மேடைப் பேச்சு, சினிமா வசனம் வரை போய்விட்ட வாக்கியம் இது. சுருக்கமாக இருக்கிறது, மறக்காது. ஆனால் விதியில் எது முக்கியமோ அதையே சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதுதான் என் குறை.

1687-இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூட்டன் இந்த விதியை இரண்டு பகுதியாகச் சொல்கிறார். நாம் மனப்பாடம் செய்வது முதல் பகுதியை மட்டும். இரண்டு பொருட்கள் ஒன்றின் மேல் ஒன்று செலுத்தும் விசைகள் எப்போதும் சமம், எதிரெதிர் திசை என்பது அடுத்த பகுதி. உடனே உதாரணமும் தருகிறார்: விரலால் கல்லை அழுத்தினால், கல்லும் விரலை அழுத்துகிறது. விரல் ஒன்று, கல் ஒன்று. இரண்டு பொருட்கள்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மேசை மேல் 1 கிலோ நிறையுள்ள புத்தகம் இருக்கிறது. பூமி அதை 9.8 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. மேசை அதே அளவு விசையோடு மேலே தள்ளுகிறது. எடைதான் வினை, மேசை தருவது எதிர்வினை என்று விளக்குபவர்கள் நிறைய பேர். சமமா இருக்கு, எதிர்த்திசையில இருக்கு, வேற என்ன வேணும்?

அந்த மேசையைப் புத்தகத்தோடு ஒரு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பும்போது, மேசை புத்தகத்தைத் தள்ளும் விசை 11.8 நியூட்டன் ஆகிறது. பூமியின் இழுப்பு அதே 9.8 தான். மூன்றாம் விதி ஜோடியாக இருந்தால் ஒரு கணம்கூடச் சமம் குலையக் கூடாதே! ஆக, இது ஜோடியே இல்லை. இரண்டு விசையும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுபவை. அவை சமமாக இருந்தது புத்தகம் முடுக்கம் இல்லாமல் இருந்ததால். அது முதல் இரண்டு விதிகளின் சங்கதி. உண்மையான ஜோடிகள் வேறு: பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது, புத்தகம் மேசையைக் கீழே தள்ளுகிறது.

'எதிர்வினை' என்ற சொல்லும் படுத்துகிறது. பேச்சுவழக்கில் அது பின்னால் வருவது: படம் வந்தது, எதிர்வினை வந்தது. விசையில் முன், பின் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில். எதை வினை என்பது, எதை எதிர்வினை என்பது என்பதும் நம் வசதிதான்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கப் பக்கத்தில் ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் காடர்டைக் கிண்டல் செய்தது. வெற்றிடத்தில் தள்ளுவதற்கு ஏதுமில்லையே, ராக்கெட் எப்படி முன்னேறும் என்பது அதன் வாதம். ராக்கெட் தள்ளுவது காற்றை அல்ல, தான் வெளியேற்றும் வாயுவை. அந்த வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. இரண்டு பொருட்கள் எவை என்று கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பத்திரிகை திருத்தம் வெளியிட்டது 1969 ஜூலையில், அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள்!

இன்னொரு பழைய சந்தேகம்: 10 டன் லாரியும் 1 டன் காரும் மோதினால் யார் மேல் விசை அதிகம்? லாரி காரைத்தான் அதிகமாக இடிக்கும்னு மனசு சொல்லும். விசை இரண்டின் மேலும் சமம். நிறை பத்தில் ஒரு பங்கு என்பதால் காரின் முடுக்கம் பத்து மடங்கு. நொறுங்கிக் கிடக்கும் காரைப் பார்த்து விசையை அளந்தால் இந்தத் தப்பு வரத்தான் செய்யும்.

அதனால் பாடத்தில் இப்படிச் சொல்லலாம் என்பது என் கருத்து: "ஒரு பொருள் இன்னொன்றின் மேல் எவ்வளவு விசை செலுத்துகிறதோ, அதே நேரத்தில் அந்த இன்னொன்றும் இதன் மேல் அதே அளவு விசையை எதிர்த்திசையில் செலுத்துகிறது." கொஞ்சம் நீளம்தான், வசனத்துக்கு உதவாது. ஆனால் இதைப் படிக்கும் பிள்ளை, எந்தக் கணக்கிலும் முதலில் "எது, எதன் மேல்?" என்று கேட்கும்.