இலக்கவியல் வானொலியும் பொதுக் கடமையும்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நூல் கற்க வாய்ப்பில்லாதாரும் செவிவழியே அறிவு பெறலாம் என்பது அவர்தம் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் அக்கருத்துக்கு ஏற்ற கருவியாய் வாய்த்தது வானொலி. எழுத்தறியாதவரும், கண்ணொளி இழந்தவரும், நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரும் ஒரு சிறு பெட்டியின் முன் கற்றோரோடு சமமாய் அமர்ந்து கேட்க முடிந்தது. ஆதலின், வானொலியில் நிகழும் மாற்றத்தைப் பொறியியலார் மட்டும் எடைபோட்டால் போதாது. கல்வியாளரும் எடைபோட வேண்டும்.

பொதுப்பணி ஒலிபரப்புக்கு உலகம் முன்மாதிரியாகக் கொண்டது பிரிட்டனின் பி.பி.சி.யை. 1922ஆம் ஆண்டில் வணிக நிறுவனமாகத் தோன்றி, 1927இல் அரச சாசனம் பெற்ற கழகமாக அது மாறியது. அறிவித்தல், கற்பித்தல், மகிழ்வித்தல் என்னும் மூன்று கடமைகளை அதற்கு வரைந்தளித்தவர் அதன் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத் ஆவார். இம்மூன்றுக்கும் அடித்தளமாய் நிற்பது, சொல்லாமலே விளங்கும் நான்காவது கடமை: அனைத்தும் எல்லார்க்கும் என்பது. இலண்டன் மாநகரத்தார் கேட்கும் ஒலியை ஸ்காட்லாந்தின் தீவொன்றில் வாழும் மீனவரும் கேட்க வேண்டும். இந்தக் கழகம் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் இலக்கவியல் வானொலியைத் தொடங்கியது. அம்முயற்சி நான்காவது கடமைக்கு எவ்வளவு உண்மையாய் நின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

புதுமுறையின் இயல்பு

பழைய பண்பலை முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி அலைவரிசை வேண்டும். அண்டைக் கோபுரங்கள் இரண்டு ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் ஒன்றையொன்று குலைத்துவிடும். ஆதலின், ஒரே நிலையம் ஊருக்கு ஊர் வேறு வேறு அலைவரிசைகளில் ஒலிக்க நேர்ந்தது. 1987இல் தொடங்கிய 'யுரேகா 147' என்னும் ஐரோப்பியக் கூட்டாய்வு இக்குறையை நீக்க வழி கண்டது. அம்முறையில் ஒலி முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. உரத்த ஒலியின் அருகே எழும் மெல்லிய ஒலியைச் செவி உணர்வதில்லை. அத்தகையவற்றை நீக்கி ஒலி சுருக்கப்படுகிறது. இவ்வாறு சுருங்கிய பல நிலையங்கள் ஒரே தொகுதியாகக் கட்டப்பட்டு ஒரே அலைவரிசையில் அனுப்பப்படுகின்றன. பல கோபுரங்களிலிருந்து ஒரே செய்தி சற்று முன்பின்னாக வந்தாலும், குறித்த கால எல்லைக்குள் வந்தவற்றைப் பெட்டி ஒன்றுசேர்த்துக் கொள்கிறது. இதனால் பி.பி.சி.யின் நாடளாவிய தொகுதி பிரிட்டன் முழுதும் 225.648 மெகாஹெர்ட்சு என்னும் ஒரே அலைவரிசையில் ஒலிக்க இயன்றது. அறிவியல் நோக்கில் இஃது அரிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆயின், ஒலிபரப்புத் தொடங்கிய நாளில் அதனைக் கேட்பதற்குரிய பெட்டி பொதுமக்கள் கையில் இல்லை. நூறு பவுண்டுக்கும் குறைந்த விலையில் வீட்டுப் பெட்டி கடைக்கு வந்தது 2002ஆம் ஆண்டில்தான். ஏழாண்டுகள் ஒலி இருந்தது. கேட்கும் செவி மிகச் சிலவாய் இருந்தன. எளியோரின் கருவி என்று பெயர் பெற்ற வானொலி, புதுக்கோலத்தில் முதற்கண் வசதியுடையோரின் கருவியாகவே அமைந்தது.

ஈந்த நலம்

2002ஆம் ஆண்டு இம்முயற்சியின் வரலாற்றில் திருப்புமுனையாகும். அவ்வோராண்டிலேயே ஐந்து புதிய நிலையங்கள் பிறந்தன அல்லது நாடளாவிய நிலைக்கு உயர்ந்தன. விளையாட்டு நேர்முக வருணனைக்கு ஒன்று. வணிக நிலையங்கள் எளிதில் தீண்டாத இசைக்குச் 'சிக்ஸ் மியூசிக்'. கறுப்பினத்தாரின் இசைமரபுக்கு 'ஒன் எக்ஸ்ட்ரா'. நாடகம், நகைச்சுவை, கதைவாசிப்பு ஆகியவற்றுக்குப் 'பி.பி.சி. செவன்', தென்னாசிய மரபினர்க்கு 'ஏசியன் நெட்வொர்க்' என அவை அமைந்தன.

மொழியாசிரியர் நோக்கில் இவற்றுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கன. பேச்சுக்கும் நாடகத்துக்கும் என்றே ஒரு நிலையம் இயங்கியதால், ஒலிப்பேழைகளில் உறங்கிக்கிடந்த பழைய நாடகங்கள் மீண்டும் உயிர்பெற்றன. சொல்லைச் சொல்லாகவே கேட்டுச் சுவைக்கும் பழக்கம் அருகிவரும் காலத்தில் இது பெருங்கொடையாகும். 2011இல் அந்நிலையம் 'ரேடியோ ஃபோர் எக்ஸ்ட்ரா' எனப் பெயர் மாறியது; பணி தொடர்ந்தது.

மற்றொன்று ஏசியன் நெட்வொர்க். 1970களில் லெஸ்டர் நகர வட்டார வானொலியில் குடிபெயர்ந்தோர்க்காகத் தொடங்கிய நாள்நிகழ்ச்சியே அதன் வித்து. அது மிட்லண்ட்சு வட்டார நிலையமாக வளர்ந்து, இலக்கவியல் தொகுதியில் இடம் பெற்றபின் நாடு முழுதும் கேட்கும் நிலைக்கு வந்தது. பண்பலையில் நாடளாவிய இடம் கிட்டாத ஒரு சிறுபான்மைக் குரலுக்குப் புதுமுறை இடம் தந்தது. பெரும்பான்மையோர் விரும்புவதைச் சந்தை தானே தந்துவிடும். சிலர்க்கு இன்றியமையாததைத் தருவதற்கே பொது நிறுவனம் வேண்டும். இவ்வகையில் பி.பி.சி. தன் கடமையை உணர்ந்து செயலாற்றியது எனலாம்.

எண்ணிக்கையும் தெளிவும்

நலத்தைப் போற்றிய திறனாய்வு குறையை மறைத்தல் ஆகாது. நாடளாவிய தொகுதி என்பது அளவிட்ட பானை போன்றது. அதன் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 1,152 கிலோபிட். ஐந்து நிலையங்கள் உண்ட சோற்றைப் பத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தபோது ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கியது. 2006இல் செவ்வியல் இசைக்குரிய 'ரேடியோ த்ரீ' நிலையத்தின் பங்கு 192 கிலோபிட்டிலிருந்து 160ஆகக் குறைக்கப்பட்டது. செவிப்பயிற்சி மிக்க அந்நிலையத்தார் இசையின் நயம் குன்றியதை உடனே கண்டுகொண்டு முறையிட்டனர். பெரும்பாலான நேரங்களுக்குப் பழைய அளவு மீண்டும் தரப்பட்டது. 'குறுந்தகட்டுக்கு நிகரான தெளிவு' என்று விளம்பரம் பெற்ற முறை, கேட்போர் வழக்காடினால்தான் தெளிவு பெறும் என்ற நிலை ஏற்பட்டது பெருமைக்குரியதன்று.

முன்னே சென்றவர்க்கு நேரும் இடரும் இதில் உண்டு. பிரிட்டன் தொடங்கியபோது இருந்த சுருக்கமுறை பழையது. அதனினும் திறம்பட்ட 'டி.ஏ.பி. பிளஸ்' முறை 2007இல் வெளிவந்தது. 2009இல் தொடங்கிய ஆஸ்திரேலியா நேரே அதனை மேற்கொண்டது. பிரிட்டனிலோ முந்தைய பெட்டிகள் இலக்கக் கணக்கில் விற்றுத் தீர்ந்திருந்தன. முறையை மாற்றினால் அவை யாவும் ஊமையாகும். மக்கள் வாங்கிய பெட்டியைப் பயனற்றதாக்கும் உரிமை பொது நிறுவனத்துக்கு எளிதில் வாய்ப்பதன்று.

மங்குதலும் மறைதலும்

இருமுறைகளுக்கும் உள்ள ஆழ்ந்த வேறுபாடு ஒலி தேயும் பாங்கில் உள்ளது. பண்பலையில் அலை வலுவிழந்தால் இரைச்சல் மிகும். ஆயினும் சொல் காதில் விழும். மலைமறைவில் இருப்பவரும் முயன்று கேட்டுப் பொருள் கொள்ளலாம். இலக்கவியல் முறையில் ஓர் எல்லைவரை ஒலி தூயதாய் இருக்கும்; எல்லை கடந்தவுடன் கொப்புளித்துச் சிதறிச் சட்டென மறைந்துவிடும். முன்னதில் ஏழைக்கும் கூழ் உண்டு. பின்னதில் விருந்து அல்லது பட்டினி. 2016ஆம் ஆண்டளவில் பி.பி.சி.யின் தொகுதி மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேரை எட்டியது. பாராட்டத்தக்க உழைப்பே. எனினும், எஞ்சிய மூவரும் அதே உரிமை உடையவரே.

மற்றொரு சிறு குறையும் சிந்தனைக்குரியது. 1924 முதல் மணி முடிவதை அறிவிக்கும் குற்றொலிகளைப் பி.பி.சி. ஒலிபரப்பி வந்துள்ளது. மக்கள் அவற்றைக் கேட்டுக் கடிகாரம் திருத்தினர். ஒலியை எண்ணாக்கிச் சுருக்கி மீண்டும் விரிக்கும் இடையில் சில நொடிகள் கழிவதால், இலக்கவியல் பெட்டியில் அக்குற்றொலி தாமதமாகவே விழுகிறது. புதுமை எதையேனும் கொடுக்கையில் எதையேனும் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

மக்கள் தீர்ப்பு

2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் செலவைக் குறைக்கும் நோக்குடன் சிக்ஸ் மியூசிக்கையும் ஏசியன் நெட்வொர்க்கையும் மூடிவிடக் கழகத்தின் ஆட்சியாளர் முன்மொழிந்தனர். கேட்போர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு சூலையில், மேற்பார்வைக் குழுவான பி.பி.சி. அறக்கட்டளை சிக்ஸ் மியூசிக்கை மூடும் திட்டத்தை ஏற்க மறுத்தது. ஏசியன் நெட்வொர்க் 2011இல், நிதி பெரிதும் குறைக்கப்பட்ட நிலையில், நாடளாவிய நிலையமாகவே பிழைத்தது. சிறுபான்மையினர்க்கென அமைந்தவை முதலில் கத்திக்கு இலக்காகும் என்பதும், கேட்போர் வாய்திறந்தால் கத்தி தடைபடும் என்பதும் இந்நிகழ்ச்சி புகட்டும் இரு பாடங்கள்.

நார்வேயும் பிரிட்டனும்

புதிய வழி திறந்தபின் பழைய வழியை அடைப்பதா என்பது அடுத்த வினா. நார்வே நாட்டின் பொதுப்பணி நிறுவனமான என்.ஆர்.கே. பிரிட்டனுக்குச் சில திங்கள் முன்னரே, 1995 சூன் முதல் நாளில், இலக்கவியல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மலையும் கடற்கழியும் மிகுந்த அந்நாட்டில் இரு முறைகளையும் ஒருங்கே பேணுதல் பெருஞ்செலவாகும். ஆதலின், 2017 சனவரி 11ஆம் நாள் நூர்லான் வட்டாரத்தில் தொடங்கி, அவ்வாண்டு திசம்பரில் நாடளாவிய பண்பலை ஒலிபரப்பை அது முற்றும் நிறுத்தியது. சிறு உள்ளூர் நிலையங்கள் பல மட்டும் பண்பலையில் நின்றன. பழைய மகிழுந்துகளுக்குத் துணைக்கருவி வாங்க வேண்டியதாயிற்று. வானொலி கேட்போர் தொகையும் முதற்கண் குறைந்தது.

பிரிட்டன் தயங்கியது. 2013இல் அந்நாட்டு அரசு நிறுத்தத்துக்கு நாள் குறிக்காது விட்டது. 2018இல் இலக்கவியல் வழிக் கேட்போர் பங்கு பாதியைக் கடந்தது. அப்பொழுதும் பண்பலையை விரைந்து மூட வேண்டுவதில்லை என்றே பி.பி.சி. அறிவித்தது. 2021இல் வெளிவந்த ஆய்வறிக்கை குறைந்தது 2030 வரை பண்பலை நீடிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இரட்டைச் செலவு வீண் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், வீட்டில் உள்ள மூத்தோர் புதுவழியில் நடக்கப் பழகும்வரை பழைய படிக்கட்டை இடிக்காமல் இருப்பதே அறிவுடைமை. இத்தயக்கமே பி.பி.சி. செய்த செயல்களுள் சிறந்தது எனக் கூறின் மிகையாகாது.

அணிமையில் ஒரு சான்று

இவ்வினா ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் 1999இல் இதே முறை இலக்கவியல் வானொலி தொடங்கப்பெற்று, 2011இல் நிறுத்தப்பட்டது. அங்குத் தமிழ் ஒலிக்கும் 96.8 பண்பலையோ தொடர்ந்து ஒலித்தது. பண்பலையை முன்னரே மூடியிருந்தால், இடைப்பட்ட காலத்தில் தமிழ்க்குரல் எங்கு நின்றிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கருவிகள் வரும், போகும். மொழியோ இடையறாது செவியில் விழ வேண்டும்; ஒரு தலைமுறைக்கு அவ்வொலி அறுந்தால் அடுத்த தலைமுறைக்கு அஃது அயல்மொழியாகிவிடும்.

முடிவாக, பி.பி.சி.யின் முயற்சி குறையற்றதன்று. ஆயினும் பெரிதும் கொள்ளத்தக்கது. நிலையங்களைப் பெருக்கிச் சிறுபான்மைக் குரல்களுக்கு இடம் தந்தது அதன் நிறை. பெருக்கும் ஆர்வத்தில் தெளிவைக் குறைத்தது அதன் குறை. பழையதை அவசரப்பட்டு அழிக்காதது அதன் பெருந்தன்மை. புதுக்கருவியைக் காணும் மாணவர் 'இது என்ன செய்யும்?' என்று கேட்பர். அதனோடு 'இது யாரை விட்டுச் செல்லும்?' என்றும் கேட்கக் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும். கடைசி வீட்டின் பெட்டியும் பேசும் நாளில்தான் பொதுப்பணி ஒலிபரப்பு தன் பெயருக்கு உரியதாகும்.