இரண்டு ஏணிகள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். யார் ஏறினாலும் அதே படிகள்தாம். சென்ற தடவை போனபோது, அடிவாரக் கடையில் இவ்வூரில் பிறந்த ராதாகிருஷ்ணனைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்று வாங்கினேன். 1888ல் பிறப்பு, 1909ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர், 1936ல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், 1962ல் ராஷ்டிரபதி. உழைத்தார், உயர்ந்தார் என்று முடிகிறது.

பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் கல்வி இலாகாவில் ஏணிகள் இரண்டு என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. 1896ல் செய்த ஏற்பாடு அது. இங்கிலாந்தில் ஆள் எடுத்த மேல் வரிசை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கு. இங்கே ஆள் எடுத்த மாகாண வரிசை இந்தியர்களுக்கு, குறைந்த சம்பளத்தில்.

அதற்கு முன்பும் நியாயம் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1885ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்த ஜகதீச சந்திர போஸ், வெள்ளைக்காரருக்குள்ள சம்பளம் தமக்கில்லை என்றதும், மூன்று வருஷம் சம்பளமே தொடாமல் பாடம் சொன்னார். பிறகு பாக்கியோடு முழுச் சம்பளமும் வந்தது. எல்லோராலும் அப்படிப் பட்டினி கிடக்க முடியுமா?

ஏணிகளை மறைத்தால் ஏறியவர் பெருமை குறைகிறது. அதைவிட மோசம், ஏறாதவர்மேல் பழி விழுகிறது. என் தாத்தா ஒரு சர்க்கார் ஆபீசில் துரைகளுக்குக் கீழே முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் இருந்தார். 'சாமர்த்தியம் போதாது' என்றுதான் வீட்டில் சொல்வோம். நாங்களும் இந்த மாதிரிப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள்தாமே!