கருவியும் கண்ணும்

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரிக் கரையோர வாழைத் தோட்டங்களின் நடுவே ஜீயபுரம் அமைந்துள்ளது. அங்கே வாழைத்தார் சுமக்கும் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் தொலைக்காட்சித் துறையில் பணியாற்ற விரும்பினால் அவளுக்கு எந்த வாயில் திறக்கும்? பயிற்சிக் கட்டணம் ஒரு சுமை. சென்னையில் வருவாயின்றிக் காத்திருக்கும் காலம் அதனினும் பெரிய சுமை. ஆகவே இலவசப் பயிற்சி வேண்டும் என்கிறோம். வேண்டியதுதான். ஆயினும் எத்தகைய பயிற்சி என்ற வினாவை நாம் போதிய அளவு எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை தேட உதவும் படம் ஒன்றுண்டு.

ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கி, 2021இல் வெளிவந்த ஆவணப்படம் ‘ரைட்டிங் வித் ஃபயர்’. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ செய்தித்தாளைத் தலித் பெண்கள் முன்னின்று நடத்தி வந்தனர். அச்சிலிருந்து காணொளிச் செய்திக்கு அவர்கள் மாறுவதைப் படம் பின்தொடர்கிறது. கைப்பேசியின் ஆங்கில எழுத்துகள் கண்டு திகைக்கும் ஒருவருக்கு மூத்த செய்தியாளர் மீரா பொறுமையோடு கற்றுத் தருகிறார். சிறுவயதில் சுரங்கத்தில் உழைத்த சுனிதா, சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறார். முதலில் புகழ்ந்து பேசு, பிறகு கேள் என்று ஆண் செய்தியாளர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறும் காட்சி நம் நெஞ்சைச் சுடுகிறது. கருவியை இயக்கச் சில வாரங்களில் கற்கலாம். பணியாமல் கேட்கும் துணிவைக் கற்க நெடுங்காலமும் தோழமையும் வேண்டும். இதனை உரத்துக் கூறாமல் காட்டியதே படத்தின் சிறப்பு.

குறையும் உண்டு. 2022இல் இப்படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்த வேளையில், கபர் லஹரியா நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. படத்தின் ஆற்றலைப் பாராட்டிய அவர்கள், ஒரே கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே தாங்கள் மூழ்கியிருப்பதுபோல் காட்டியது சரியன்று என்றனர். இயக்குநர்களுக்குத் தம் பார்வையில் படமெடுக்கும் உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் படக்கருவியைக் கற்றுத் தேர்ந்தவர்களே மற்றொருவரின் படத்தொகுப்பில் தம் முகம் மாறிவிட்டதாக உணர்ந்தனர் என்றால், இத்துறையில் அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பது விளங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று தீர்மானிக்கும் இருக்கையில்தான் அது இருக்கிறது.

நம் மாநிலத்திலும் இதனை உணர்ந்த முயற்சி ஒன்று உண்டு. இயக்குநர் வெற்றிமாறனும், லயோலா கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயிற்றுவித்த பேராசிரியர் ராஜநாயகமும் 2021இல் அறிவித்த பன்னாட்டுத் திரை-பண்பாட்டு ஆய்வகம், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளான எளிய இளைஞருக்கு உணவும் உறைவிடமும் தந்து கட்டணமின்றிக் கற்பிக்கும் நோக்குடையது. பெயரிலேயே பண்பாடு இடம்பெற்றிருப்பது கருதத் தக்கது. பாலு மகேந்திரா ‘கதை நேரம்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய நாள்களில், சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவதே உதவியாளரான வெற்றிமாறனின் பணியாக இருந்தது. அவருக்குப் படக்கருவிக்கு முன்னே வாசிப்பு வந்தது.

சமூகத் தொடர்புச் சாதனங்களில் பொதுநிலையினருக்கும் பயிற்சி வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே வலியுறுத்தியது. திருச்சி மறைமாவட்டத்தில் 1977இல் தோன்றிய கலைக்காவிரி, நடனமும் இசையும் கற்பிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. கலைக்கு இடம் தந்த நம்மால் காட்சிக் கலைக்கும் இடம் தர இயலாதா? தரும்போது ஒன்றை மறவாதிருப்போம்: நம் விழாக்களைப் படம்பிடித்துத் தரும் ஆள்களை உருவாக்குவது மட்டும் பயிற்சியாகாது. நமக்கு உவப்பில்லாத காட்சியையும் அவர்கள் எடுக்கக் கூடும்.

ஜீயபுரத்து மகள் முதன்முதலில் படக்கருவியை உயர்த்தும்போது அது தார் சுமக்கும் தன் தந்தையின் கூலியைப் பற்றியதாக இருக்கலாம். அந்தத் தோட்டம் நம்மில் ஒருவருடையதாகவும் இருக்கலாம். அப்போதும் அவள் எடுத்த காட்சியை வெட்டாமல் பார்க்க நாம் அணியமாக இருக்கிறோமா? பயிற்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுமுன் நாம் விடை கூற வேண்டிய வினா இது.