கணவரின் நாட்குறிப்பில் மனைவி

இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் ஈஸ்ட் ஹோத்லி என்றொரு சிற்றூர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கடை வைத்திருந்தவர் தாமஸ் டர்னர். துணியும் மளிகையும் விற்றார். சாவு வீட்டுக்கு வேண்டியதையும் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1754 முதல் 1765 வரை நாட்குறிப்பு எழுதினார். டேவிட் வைசி தொகுத்த அதன் பதிப்பு 1984இல் வெளிவந்தது. அந்தக் காலத்துச் சாதாரண மக்கள் என்ன தின்றார்கள், எப்படிக் கடன் வசூலித்தார்கள், எவ்வளவு குடித்தார்கள் என்று தேடுகிறவர்கள் எல்லோரும் இந்த நூலிடம்தான் வருகிறார்கள். நான் அதைப் படித்தது டர்னருக்காக அல்ல, அவர் மனைவி பெக்கிக்காக.

இருவரும் 1753இல் மணந்தார்கள். மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்தோ அடையாளக் குறியோ இட வேண்டும் என்ற சட்டம் 1754 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, பெக்கியின் கையெழுத்தைக் கேட்கும் கட்டாயம் யாருக்கும் இல்லாத காலத்திலேயே அவருக்குத் திருமணம் முடிந்துவிட்டது. மறு வருடம் ஒரு மகன் பிறந்தான். சில மாதங்களில் இறந்தான். பிறகு நாட்குறிப்பு நெடுகச் சண்டைகள். இல்லறத்தில் நிம்மதி இல்லை என்று டர்னர் எழுதுகிறார், மாமியாரைத் திட்டுகிறார், ஏன் மணந்தோம் என்றும் நொந்துகொள்கிறார். 1761இல் நீண்ட நோய்க்குப் பின் பெக்கி இறந்ததும் குரல் மாறுகிறது. அவளைப் போல் ஒருத்தி இல்லை என்கிறார். படிப்பவர்கள் இந்த இடத்தில் கண் கலங்கி, முந்தைய பக்கங்களை மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திட்டும் புகழும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. இரண்டும் டர்னரின் மனநிலையைத்தான் சொல்கின்றன. பெக்கி எப்படிப்பட்டவர் என்று அவர் சொல்வதை விட்டுவிட்டு, பெக்கி என்ன செய்தார் என்று போகிறபோக்கில் எழுதிய வரிகளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பெக்கி கணவருக்கு நாவல் வாசித்துக் காட்டுகிறார். ரிச்சர்ட்சனின் ‘கிளாரிசா’, அதில் கதாநாயகியின் சவ அடக்கம் வரும் பகுதி. உருக்கமான காட்சி என்று டர்னர் குறித்துக்கொள்கிறார். நமக்குக் கிடைப்பது வேறு செய்தி: பெக்கிக்கு வாசிக்கத் தெரியும், சத்தமாக, அடுத்தவர் கேட்டு உருகும்படி வாசிக்கத் தெரியும். கிளாரிசா மணமாகாதவள், தன் சவப்பெட்டியைத் தானே வாங்கி வைத்து, தன் உயிலையும் தானே எழுதிவிட்டுச் சாகிறாள். அதை வாசித்துக்கொண்டிருந்த பெக்கியால், மணமானவர் என்பதால், கணவரின் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. இந்த நிலை மாற இங்கிலாந்தில் 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு காட்சி 1758இல். ஊர்ப் பாதிரியாரும் அவர் மனைவியும் இரவெல்லாம் கூத்தடித்த ஒரு கும்பலோடு விடியற்காலையில் டர்னர் வீட்டுக்கு வருகிறார்கள். டர்னரைப் படுக்கையிலிருந்து இழுத்து, பெக்கியின் பாவாடையைக் கட்டிக்கொள்ள வைத்து, ஆடவிடுகிறார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே மேற்கோள் காட்டும் பகுதி இது. கதவு எப்படித் திறந்தது என்பதைத்தான் நான் கவனித்தேன். பாதிரியாரின் மனைவி கடைச் சரக்கு ஒன்று வேண்டும் என்று பொய் சொல்லிக் கூப்பிடுகிறார், பெக்கி எழுந்துகொள்கிறார். நேரங்கெட்ட நேரத்தில் சரக்குக் கேட்டால் எழுந்து வருபவர் யார் என்பது பாதிரியார் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கடைக்காரர் என்று வரலாறு எழுதிவைத்திருப்பது டர்னரின் பெயரை.

பெக்கிக்காவது இவ்வளவு கிடைக்கிறது. ஏழைப் பெண்களுக்கு இதுவும் இல்லை. ஏழைகளின் பராமரிப்பைக் கவனிக்கும் ஊர்ப் பொறுப்பையும் டர்னர் சில ஆண்டுகள் வகித்தார். அந்தச் செலவு ஊரார் கட்டும் வரியிலிருந்து வரவேண்டும். மணமாகாத ஏழைப் பெண் கருவுற்றால், அவளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, தகப்பன் பெயரைச் சத்தியம் செய்து சொல்லவைத்து, அவனைப் பிடித்து வந்து மணம் முடிப்பார்கள். மணமானதும் கணவனின் ஊர்தான் அவளுடைய ஊர். அவன் வேற்றூர்க்காரனாக இருந்துவிட்டால் செலவு அந்த ஊரின் தலையில் விழும். அப்படிப்பட்ட கல்யாணங்களை அலைந்து திரிந்து முடித்துவைத்த களைப்பையும் டர்னர் எழுதியிருக்கிறார். ஆவணத்தில் ஒரு தம்பதியின் பெயரைக் கண்டதும் குடும்பம் என்று மகிழ்ந்துவிடும் மாணவியருக்கு இந்தப் பக்கங்களைத்தான் முதலில் கொடுப்பேன்.

மனைவி இறந்த பிறகு டர்னர் எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கண்ணீர் வரிகள் அல்ல. வீடு ஒழுங்கில் இல்லை, மனம்விட்டுப் பேச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே வருபவர், தன் தொழிலை நஷ்டம் வராது என்று நம்பி ஒப்படைக்கவும் யாருமில்லை என்கிறார். அப்படியானால் எட்டு வருடம் அதை யாரிடம் ஒப்படைத்திருந்தார்? பெக்கி உயிரோடு இருந்தபோது ஒரு பக்கத்திலும் இவ்வளவு தெளிவாக வராத தகவல், அவருடைய இடம் காலியான பிறகு குறையாக வந்து விழுகிறது.

1765இல் டர்னர் மோலி ஹிக்ஸ் என்ற பணிப்பெண்ணை மணந்தார். சில வாரங்களில் நாட்குறிப்பு நின்றுவிட்டது. அதன்பின் அவர் 1793 வரை வாழ்ந்தார். மோலி என்ன வாசித்தார், யார் கூப்பிட்டு எழுந்தார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. தேவாலயப் பதிவேடு மட்டும் இருக்கிறது. அதற்குள் சட்டம் மணமகளின் கையெழுத்தையும் கேட்கத் தொடங்கியிருந்தது.