அம்பையின் சமையலறையும் எங்கள் வீட்டுக் கேக்கும்

புலம்பெயர்ந்த நமது எழுத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒடியற் கூழ் வருகிறது, புட்டு வருகிறது, வருஷப்பிறப்புப் பலகாரம் வருகிறது, நத்தார்க் கேக் வருகிறது. ஆனால் எல்லாம் தட்டில்தான் வருகின்றன. அடுப்படியில் நின்றவர் யார், எத்தனை மணிக்கு எழும்பினார், கடைசியாக அவருக்கு என்ன மிஞ்சியது என்பதை யாரும் எழுதுவதில்லை. ஊர்ச் சாப்பாட்டை நினைந்து எழுதுபவர்களிற் பெரும்பாலோர் அதைச் சாப்பிட்டவர்கள், சமைத்தவர்கள் அல்லர். இக்குறையை நாம் உணர்ந்துகொண்டது ஒரு கதையாலும் ஒரு வீட்டாலும்.

கதை, அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. 1988 இல் க்ரியா வெளியிட்ட தொகுதியின் தலைப்புக் கதை. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் 1992 இல் ஆங்கிலத்துக்கும் போனது. வீடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புஜைராவில் நாங்கள் இருந்த வீடு. எமிரேட்டுகள் ஏழினுள்ளும் முற்றுமுழுதாகக் கிழக்குக் கரையில், ஓமான் வளைகுடாவைப் பார்த்துக் கிடப்பது புஜைரா ஒன்றுதான். முன்னால் கடல், பின்னால் ஹஜர் மலைத்தொடர். எங்கள் குசினி யன்னல் மலைப்பக்கம் திறந்தது.

அண்ணன் தம்பி இருவரின் குடும்பங்கள், அம்மா, வேலை தேடி வந்த மச்சான்மார் இருவர், 1990 இல் குவைத்தை விட்டு வெளியேறி வந்த சித்தப்பா குடும்பம் என்று ஒரு கட்டத்தில் பதின்மூன்று பேர். றொட்டி தெருமுனைத் தந்தூர்க் கடையில் சுடச்சுட வாங்கலாம். மற்றெல்லாம் அந்தக் குசினியில்தான் ஆக வேண்டும். வெள்ளி விடுமுறை என்பதால் வியாழன் இரவு கேக் அடிப்பது வழக்கமாயிற்று. நாலு அடுப்புக் காஸ் குக்கரின் கீழே ஒரு போறணை இருந்தது. ஊரில் சட்டிக்குள் தட்டை வைத்து மேலும் கீழும் சிரட்டைத் தணல் போட்டு வேகவைத்தவர்களுக்கும், தட்டைச் சுமந்துகொண்டு பேக்கரிப் போறணைக்குப் போனவர்களுக்கும் அது பெரிய செல்வம்.

ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் மா, பத்து முட்டை. பட்டரையும் சீனியையும் ஒரே பக்கமாக அடிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கை மாறி மாறி எல்லாரும் அடித்தோம். மச்சான்மார் அடித்தார்கள், சித்தப்பா அடித்தார், பிள்ளைகள் சட்டியை வழித்து நக்கினார்கள். அல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படங்களிலும் கேக் இருக்கிறது. ஆண்கள் கரண்டியுடன் சிரிக்கிறார்கள். "எங்கட வீட்டில ஆம்பிளையளும் சமைப்பினம்" என்று நாங்கள் பெருமை பேசியதற்கு அந்தப் படங்களே சாட்சி.

இந்நிலையில்தான் அம்பையின் கதையை அந்த வீட்டில் வாசித்தோம். ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பமொன்றின் கதை அது. வயிறாரச் சாப்பிடுவதிலும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதிலும் பெருமை கொள்ளும் வீடு. அத்தனை பேருக்கும் ஆக்கிப்போடும் சமையலறையோ ஒரு மூலையில், வெளிச்சமில்லாமல், வசதியில்லாமல். யன்னலுக்கு வெளியே மலை. தெற்கிலிருந்து வந்த மருமகள் அந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துக் கட்டலாமே என்று கேட்கிறாள். யாரும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. சில நாட்களில் அவ்விடத்தில் துணி காயப்போடக் கொடி கட்டப்படுகிறது. மலை மறைந்துபோகிறது. அவ்வளவுதான். ஆணாதிக்கத்தைப் பற்றித் தமிழில் உரத்துப் பேசிய கதைகள் பல உண்டு. ஒரு கொடிக்கயிற்றைக் கொண்டு இவ்வளவு சொன்ன கதை வேறொன்றை நாம் அறியோம்.

வாசித்து முடிய மச்சாள் சொன்னது: "அப்ப எங்கட டீப் ஃபிறீசர்?"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முந்திய கோடையில் பெண்கள் குசினிக்கு ஒரு ஏசி கேட்டிருந்தார்கள். வெளியே நாற்பது பாகைக்கு மேல். உள்ளே போறணை நூற்றியெண்பதில் ஒரு மணித்தியாலம். ஏசி விறாந்தையிலும் படுக்கையறைகளிலும் மட்டுமே இருந்தது. நாங்கள் மறுக்கவில்லை. கூடிப் பேசினோம், கணக்குப் பார்த்தோம், ஒரு பெரிய ஃபிறீசர் வாங்கினோம். மீனும் இறைச்சியும் மொத்தமாக வாங்கி வைக்கலாம், கேக்கும் பழுதாகாது, பெண்களுக்கு வேலை மிச்சம் என்றோம். அதை வைக்க வேறு இடமில்லாதபடியால் யன்னலோடு வைத்தோம். அதன்மேல் மாப்பைகளும் தட்டுகளும் ஏறின. மலை போயிற்று. கதையில் வரும் மாமனாரைப் போல் நாங்களும் யாரையும் திட்டவில்லை. அக்கறையோடுதான் செய்தோம்.

இவ்விடத்திற் பலர் இக்கதையைப் பிழையாக வாசிக்கிறார்கள் என்பது நம் கருத்து. சமைக்காத ஆண்களைப் பற்றிய கதையென்று எண்ணி, கிழமையில் ஒருநாள் கரண்டி பிடிக்கும் ஆண் தன்னை அதிலிருந்து விடுவித்துக்கொள்கிறான். கேக் அடிப்பது கொண்டாட்டம்; விரும்பினால் செய்யலாம், விட்டால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. காலையில் பதின்மூன்று பேருக்குப் புட்டு அவிப்பது அப்படியல்ல. நாங்கள் பங்கெடுத்தது முதலாவதில், படமெடுத்ததும் முதலாவதை. நமது இலக்கியமும் அந்த அல்பத்தைப் போலத்தான் இருக்கிறது. விசேஷ நாளின் வாசனையை எழுதுகிறது. அன்றாடத்தின் புகையை எழுதுவதில்லை.

சமையற் புத்தகங்களிலும் இதே மௌனம் உண்டு. 1951 இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' பல தலைமுறைப் பெண்களுக்குக் கைகொடுத்த நூல். என்ன, எவ்வளவு, எப்படி என்பதை ஒழுங்காகச் சொல்கிறது. யன்னல் எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அது அதன் வேலையுமல்ல. அந்த வேலையை ஓர் இலக்கியப் படைப்புத்தான் செய்ய முடியும். அம்பை செய்தார்.

எனினும் இக்கதையோடு நமக்கு ஒரு முரண்பாடும் உண்டு. அதைச் சொன்னவர் அம்மாதான். கதையின் முடிவில் நோயுற்ற மாமியாருடன் மருமகள் பேசுகிறாள். சமையலறையும் நகையும் தந்த அதிகாரம் மெய்யான அதிகாரமல்ல என்று உணர்த்துகிறாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னா: "சரிதான் பிள்ளை. ஆனா விட்டிட்டு எங்க போறது? விசா அவற்ற பேரில எல்லோ."

வளைகுடாவில் மனைவியின் விசா பெரும்பாலும் கணவனின் பொறுப்பில். கணவனின் விசா முதலாளியின் பொறுப்பில். வேலை போனால் வீடே போகும். அகதி அந்தஸ்து என்ற ஒன்று அன்று அங்கு இருக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் சமையலறை பெண்ணுக்குச் சிறை மட்டுமல்ல, அவள் சொல் செல்லுபடியாகும் கடைசி இடமும் அதுவே. ஒரே பக்கமாக அடி என்று அம்மா சொன்னால் சித்தப்பாவும் அடித்தார். அந்தச் சிறு அதிகாரத்தைப் பொய் என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்ற கேள்வியைக் கதை தொடவில்லை. அத்துடன், சேர்ந்து வேலை செய்யும்போது பெண்களிடையே எழும் பகிடியும் சிரிப்பும் கதையில் நமக்குப் போதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அயலில் இருந்த அரபு வீடுகள் பலவற்றில் சமையலறை முற்றத்து மூலையில் தனிக் கட்டடமாக இருந்தது. இரும்புத் தட்டில் மெல்லிய ரகாக் சுடும் வாசனையும், பேரீச்சம்பழம் சேர்த்த கமீர் அப்பத்தின் வாசனையும் மதிலைத் தாண்டி வரும். அங்கே மா குழைத்தவர்களில் இலங்கைப் பெண்களும் இருந்தார்கள். தம் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மற்றவர் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்தவர்கள். அம்பையின் மாமியாருக்குச் சாவிக்கொத்தாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இவர்களுடைய சமையலறைக் கதை தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஃபிறீசரை நகர்த்தினோம். விறாந்தையில் வைத்தோம்; வருபவர்களுக்கு அழகாக இல்லைத்தான். ஏசி வாங்க இன்னும் ஒரு கோடை சென்றது. வாங்கிய சில மாதங்களில் வேலை முடிந்து, குடும்பம் கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் கொழும்புக்குமாகப் பிரிந்தது. யன்னலுக்கு வெளியே மலை தெரிந்த அந்தச் சில மாதங்களில் ஒரு படமும் நாங்கள் எடுக்கவில்லை.