குமிழி ஓடும் நீலக்கல்

“இது வேணாம் சார், ராசிக்கு ஆகாது. உள்ளே தோஷம் இருக்கு” என்றார் சென்னை யானைக்கவுனியில் கல் வியாபாரம் செய்யும் பெரியவர். ஐயோ, எனக்கு அந்தத் தோஷம்தானே வேண்டும்! லென்ஸை வைத்துப் பார்த்தேன். அந்தச் சிலோன் நீலத்தின் வயிற்றுக்குள் ஒரு பொடிக்குழி, குழிக்குள் திரவம், திரவத்துக்குள் ஒரு குமிழி. கல்லைச் சாய்த்தால் கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடுவதுபோல அது ஓடுகிறது!

அந்தத் திரவம் தண்ணீர் அல்ல, கார்பன் டை ஆக்சைடு. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இலங்கையும் நம் தென்னாடும் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டிக்கிடந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் கல் வளரும்போது உள்ளே சிக்கிக்கொண்டது. அன்றைய அழுத்தத்தில் அடைபட்டதால்தான் இன்றும் திரவமாக நிற்கிறது.

வேடிக்கை இனிமேல்தான். 31 பாகை செல்சியஸைத் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடில் திரவம், வாயு என்ற பேதமே கிடையாது. கல்லை உள்ளங்கையில் பொத்திவைத்துத் திறந்தேன், குமிழியைக் காணோம்! ஏ.சி. காற்றில் கொஞ்சம் ஆறவிட்டேன், வந்துவிட்டது! பெரியவரே லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார்.

குமிழி எத்தனை பாகையில் மறைகிறது என்று அளந்தால் அடர்த்தி தெரியும். கல் விளைந்த வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அழுத்தம் கிடைக்கும், அழுத்தத்திலிருந்து ஆழம். உறையவைத்துச் சூடேற்றும்போது மைனஸ் 56.6 பாகையில் உருகினால் அது சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. இந்த வித்தைக்கு 1858-லேயே அடித்தளம் போட்டவர் ஆங்கிலேயப் புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. மகாராசன்!

நம்ம ஊர்ப் பெருமையும் இதில் உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று 1893-இல் பெயர் வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருப்பது இந்த மதராஸ் கல்தான், பெயரும் அவருடையதுதான். இந்த வகைப் பாறைகளின் கனிமங்கள் ஏன் நீரில்லாமல் இவ்வளவு வறண்டு கிடக்கின்றன? 1971-இல் புவியியலாளர் ழாக் தூரே நார்வேப் பாறைகளில் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைக் காட்டினார். பிறகு தென்னிந்தியச் சார்னோக்கைட்டுகளிலும் அவை அகப்பட்டன. ஆழத்திலிருந்து ஏறிவந்த இந்த வாயுதான் நீரை விரட்டியதா என்று புவியியலாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு மலையின் வழக்குக்குச் சாட்சி, மயிரிழையைவிட மெல்லிய ஒரு குமிழி!

வியாபாரிக்கும் இதில் லாபம் உண்டு. நிறம் கூட்ட நீலத்தை உலையில் ஏற்றினால் இந்தக் குழிகள் வெடித்துவிடும். குமிழி முழுசாக இருந்தால், கடும் சூட்டுக்குப் போகாத கல் என்று அடித்துச் சொல்லலாம்.

யானைக்கவுனி, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போனால் 10 மடங்கு லென்ஸ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மார்கழிக் காலைதான் தோது. கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை நகரமாட்டீர்கள், நான் கியாரண்டி!