எலியின் சாட்சியம் எதுவரை செல்லும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குத் திடீரென்று கால் துவண்டுவிட்டால், போலியோ கண்காணிப்பு விதிப்படி 14 நாட்களுக்குள் இரண்டு மலமாதிரிகள் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். குளிர் குறையாமல் அவை கிண்டி கிங் நிலையத்துக்குப் போகும். இந்தப் பரிசோதனையில் மாதிரியை இரண்டு வகைச் செல்களில் இடுவார்கள். ஒன்று, மனிதத் தசைப் புற்றிலிருந்து வந்த ஆர்.டி. செல், என்டெரோவைரஸ்கள் பலவும் அதில் வளரும். மற்றது எல்20பி: போலியோ வைரஸ் பற்றிக்கொள்ளும் மனித ஏற்பியைப் பொருத்திய சுண்டெலிச் செல். அது சிதைந்தால் போலியோ என்று சந்தேகித்து மேற்கொண்டு சோதிப்பார்கள்.

சுண்டெலியை மனித வைரஸுக்கு ஏற்றதாக மாற்றிய அறிவு இப்படி நேரடியாகப் பயன்படுகிறது. ஆனால் போலியோவும் அதன் இனமான பிற என்டெரோவைரஸ்களும் குழந்தையின் நரம்பு மண்டலத்தை எப்படித் தாக்குகின்றன என்று சொல்ல விலங்கின் சாட்சியம் போதுமா? எந்தச் செல்லைக் கொல்கின்றன, எந்த வழியாக அங்கே போகின்றன, ஏன் சிலரை மட்டும் முடக்குகின்றன என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே வைத்துத்தான் இதை எடைபோட முடியும்.

முதல் கேள்வியில் விலங்குகள் தேறுகின்றன. 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும், போலியோவால் இறந்த சிறுவனின் தண்டுவடச் சாற்றைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். மனிதரிடம் கண்ட அதே தண்டுவடச் சேதம் அவற்றிலும் தெரிந்தது. நூறாண்டுக்குப் பின் டி68 என்ற என்டெரோவைரஸிலும் இதே வலிமையைப் பார்க்கிறோம். 2014இல் அமெரிக்காவில் பரவிய திரிபுகளில் ஐந்தைக் குட்டிச் சுண்டெலிகளில் சோதித்தபோது, நான்கு அவற்றை முடக்கின. இயக்க நரம்பணுக்கள் அழிந்தன. 1962இல் பிரித்தெடுத்த பழைய திரிபுகள் முடக்கவில்லை. இந்த ஒப்பீட்டை மனிதரிடம் செய்யவே முடியாது.

இரண்டாம் கேள்வியில் வரலாறே எச்சரிக்கிறது. நியூயார்க்கில் போலியோ ஆய்வாளர் சைமன் ஃபிளெக்ஸ்னர் பயன்படுத்திய ரீசஸ் குரங்குக்கு வாய்வழியாகப் போலியோ எளிதில் தொற்றாது. அவரது வைரஸும் குரங்கு மூளையிலிருந்து மூளைக்கு ஆண்டுக்கணக்கில் மாற்றப்பட்டு, நரம்புக்கே பழகிவிட்டது. அதனால் மூக்குதான் நுழைவாயில் என்ற முடிவு நிலைத்தது. மனிதக் குடலில் வைரஸ் இருப்பதை 1912வாக்கிலேயே சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியும் அது எடுபடவில்லை. மூக்கை அடைத்தால் போதும் என்ற நம்பிக்கையில் 1937இல் டொரன்டோவில் சுமார் 5000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாகக் கரைசல் தெளிக்கப்பட்டது. நோய் தடுக்கப்படவில்லை, சிலர் முகரும் திறனை இழந்தார்கள்.

1990இல் ரென், ரகனியெல்லோ ஆகியோர் மனித ஏற்பியோடு உருவாக்கிய சுண்டெலி பெரிய முன்னேற்றம்தான். அதற்கும் வாய்வழியாக எளிதில் தொற்றவில்லை. இன்டர்ஃபெரான் பாதுகாப்பை நீக்கிய பிறகே 2007இல் அது கைகூடியது. உடலின் காவலை எடுத்துவிட்டுப் பார்த்த பாதையே குழந்தையின் பாதையும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏ71 என்ற என்டெரோவைரஸிலும் இதே சிக்கல். தைவானில் 1998இல் 78 பேரைப் பலிகொண்டபோது அது மூளைத்தண்டைத் தாக்கியது. நுரையீரலில் நீர் கோத்தது. குட்டிச் சுண்டெலிகளிலோ பெரும்பாலும் கால் தசையில் பெருகி முடக்கியது. வெளியே தெரியும் முடக்கம் ஒன்று, உள்ளே நடந்த சேதம் வேறு. அந்த வைரஸ் பற்றிக்கொள்வதாக 2009இல் கண்டறிந்த ஸ்கார்ப்2 என்ற மனித ஏற்பியைப் பொருத்திய எலிகள் இந்த இடைவெளியைக் குறைத்தன, மூடவில்லை.

மூன்றாம் கேள்வியில் விலங்கின் சாட்சியம் மிகவும் மெலிந்தது. போலியோ தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவரே முடங்குகிறார். தடுப்பு மருந்து யாரைக் காக்கும் என்பதிலும் இதே நிலைதான். சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் மேலை நாடுகளில்போல் வேலை செய்யவில்லை என்பதை வேலூரில் டி. ஜேக்கப் ஜான் குழந்தைகளைப் பார்த்துத்தான் நிறுவினார். கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் வட்டாரமும் வேறொரு நோயில் இந்தப் பாடத்தைத் தந்திருக்கிறது. கினிப்பன்றிகளைக் காசநோயிலிருந்து காத்த பி.சி.ஜி., இங்குள்ள கிராமங்களில் 1968இல் தொடங்கிய மாபெரும் ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. திரிபுகளின் கொடுமையை ஒப்பிடவும், சொட்டு மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் நரம்புக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்கவும் ஏற்பி பொருத்திய சுண்டெலி தகுதியானது. இரண்டாவது வேலையில் குரங்குகளுக்கு மாற்றாக உலக சுகாதார நிறுவனமே அதை ஏற்றிருக்கிறது. தொற்றும் பாதை, நோயின் தீவிரம், தடுப்பூசியின் பலன் ஆகியவற்றை அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது; மனிதத் திசுவும் கள ஆய்வும் ஒத்துச் சொல்ல வேண்டும்.

ஆர்.டி. செல் சிதைந்து எல்20பி சிதையாமல் இருந்தால், போலியோ இல்லை என்பதோடு கோப்பை மூடிவிடலாகாது. அங்கே வளர்ந்தது எந்த வைரஸ் என்று வகைபிரிக்க வேண்டும். முடங்கிய குழந்தையிடம் கிடைத்த அந்தத் திரிபைத்தான் அடுத்த எலி ஆய்வில் முதலில் சோதிக்க வேண்டும். வெளிநாட்டுத் திரிபில் கிடைத்த முடிவு கும்மிடிப்பூண்டிக் குழந்தைக்கும் பொருந்துமா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.